மூன்றாம் தரச் சான்று

உதயதாரகை உண்டு உறைவிடப் பள்ளி இழுத்து மூடப்பட்டு இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, அதன் வரலாற்றிலேயே முதல் முறையாக நூறு சதவீத வருகை பதிவாயிற்று. பிள்ளைகளில் பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதிப் பேருக்கு மூட்டுவலி. ஆனாலும் காலை ஒன்பதரைக்கு மணி அடித்ததும் அறுபத்தொரு பேரும் வரிசையில் நின்று "உள்ளேன் ஐயா" என்றார்கள்.

இந்த அதிசயத்தைச் செய்தது, பழைய பள்ளியை இயந்திரத்துக்குள் மறுபடி நடத்திக் காட்டுகிற பல்கலைக்கழகத்தின் 'நினைவுப் பள்ளி' திட்டம். மலைமேல் இருந்த அதே பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தை மையமாக மாற்றியிருந்தார்கள். வாசல் பலகையில் மூன்று முத்திரைகள்: பல்கலைக்கழகம், பள்ளியை நடத்திய அறக்கட்டளை, அதில் பிள்ளைகளைச் சேர்த்த மலைவாசிகளான குன்னர் சமுதாயம். குன்னர்களுக்கு முத்திரை என்று ஒன்று இருந்ததே இல்லை. அதனால் பல்கலைக்கழகமே ஒரு மானை வரைந்து கொடுத்தது. அந்த மலையில் மான் கிடையாது, காட்டுமாடுதான் உண்டு. அதைச் சொன்னபோது, மான் பார்க்க அழகாக இருக்கிறது என்று பதில் வந்தது.

மூன்று தரப்பும் சேர்ந்த கூட்டுக்குழுவில் குன்னர்கள் சார்பாக இரண்டு பேர். ஒருத்தி மருதி. முப்பது வருடம் கிராம செவிலியராக மலையேறி இறங்கி ஓய்வு பெற்றவள், வயது அறுபத்திரண்டு. இன்னொருவர் பெட்டன், வனத்துறையில் தீத்தடுப்புக் காவலராக இருந்தவர். இருவரும் அந்தப் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

முதல் நாள் மருதிக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டவன் பைசல். இயந்திரத்தைக் கட்டி மேய்க்கிற பொறியாளன். தலை முழுக்க மூடுகிற கண்ணாடி அது. மாட்டியதும் எதிரே பழைய பள்ளியின் பச்சைக் கதவு தெரிந்தது.

"உங்க பேரைச் சொன்னா கதவு திறக்கும்மா."

"மருதி."

"அப்படி ஒரு மாணவி பதிவில் இல்லை" என்றது ஒரு பெண்குரல், மரியாதையாக.

"பள்ளிக்கூடத்துல வேற பேராம்மா?" என்றான் பைசல்.

"தேன்மொழின்னு வெச்சாங்க. எங்க பேரெல்லாம் வாயில நுழையலைன்னு சேத்த அன்னிக்கே மாத்திப்போட்டாங்க."

"அப்ப அதைச் சொல்லுங்க."

ஐம்பது வருடத்துக்குப் பின் மருதி மறுபடியும் தேன்மொழியானாள். கதவு திறந்தது.

உள்ளே எல்லாம் இருந்தன. கொடிக்கம்பம், புளியமரம், துணி துவைக்கிற கல். சாப்பாட்டுத் தட்டில் முட்டை கூட இருந்தது. ஆய்வு அறிக்கைகளில் வாரம் மூன்று முட்டை என்று எழுதியிருந்ததால் இயந்திரம் தவறாமல் மூன்று முட்டை போட்டது. மருதி அந்தப் பள்ளியில் முட்டையைப் பார்த்தது ஆய்வாளர் வந்த அன்றைக்கு மட்டும்தான்.

"இதெல்லாம் எப்படிப்பா பண்ணுது?" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

"பதிவேடு, காப்பாளரோட நாட்குறிப்பு, அறிக்கை, போட்டோ, பிள்ளைங்க பாடின ஒரே ஒரு கேசட். எல்லாத்தையும் படிக்க வெச்சிருக்கோம். எங்க தாள் கிழிஞ்சிருக்கோ அங்க அதுவே நிரப்பிக்கும். முன்னாடி நாள் எப்படி, பின்னாடி நாள் எப்படின்னு பாத்து, நடுவுல என்ன நடந்திருக்கும்னு கணிச்சிடும். தொண்ணூத்தி நாலு சதவீதம் சரியா இருக்கும்மா."

"மீதி ஆறு பேரு?"

பைசல் சிரித்தான். அவள் வேடிக்கைக்குக் கேட்டதாக நினைத்துக்கொண்டான். முப்பது வருடம் தடுப்பூசிக் கணக்கு எழுதியவளுக்கு, நூற்றில் ஆறு என்பது முகமும் பெயரும் உள்ள ஆறு பேர் என்பது அவனுக்குத் தெரிய நியாயமில்லை.

பெட்டனுக்கோ இந்தப் பள்ளி ரொம்பப் பிடித்துப்போயிற்று. குன்ன மொழியில் பேசியதற்காக இதே முற்றத்தில் வெயிலில் முட்டி போட்டவர் அவர். இப்போது தினமும் காலையில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து கண்ணாடிக்குள் புகுந்தார். உள்ளே பழைய விடுதிக் காப்பாளர் சுந்தரவதனம் அவர் முதுகைத் தட்டி, "சபாஷ், நீலமேகம்!" என்றார். பள்ளியில் பெட்டனுக்கு வைத்த பெயர் நீலமேகம்.

"அத்தனையும் பொய்யி பெட்டா" என்றாள் மருதி.

"தெரியாமலா போறேன்? அந்தாளு வாயால ஒரு சபாஷ் கேக்க அறுபது வயசு வரைக்கும் காத்துக் கெடந்திருக்கேன். விடு மருதி."

அவளும் விட்டுவிட்டாள். பேராசிரியை சாருமதி பரிசு கொடுக்கும்வரை.

சாருமதி திட்டத்தின் தலைவர். நல்ல மனுஷி. குழுக் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் மருதியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். அன்றைக்கும் பிடித்துக்கொண்டார்.

"மருதிம்மா, நாற்பத்தெட்டாம் எண் அன்பரசி உங்க கூடப்பிறந்த தங்கச்சின்னு சேர்க்கைப் பதிவேட்டுல பார்த்தோம். உங்ககிட்ட அவங்க போட்டோ ஒண்ணுகூட இல்லைன்னு பெட்டன் ஐயா சொன்னார். வாங்க, காட்டறேன்."

அன்பரசி என்பது வீரி. எட்டு வயதோடு நின்றுபோனவள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'ஓடிவிட்டாள். பெயர் நீக்கப்பட்டது' என்று சிவப்பு மையில் இருந்தது. அதற்கு முந்தைய பன்னிரண்டு நாள் தாள்களைக் காணவில்லை. யாரோ ஒழுங்காக, அடிக்கோல் வைத்துக் கிழித்திருந்தார்கள்.

கண்ணாடிக்குள் பள்ளி விழா நடந்துகொண்டிருந்தது. வாழைமரம், காகிதத் தோரணம், நாற்காலிகளில் விருந்தினர்கள். முன்வரிசையில் மஞ்சள் ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி நின்று வரவேற்புப் பாட்டு பாடினாள். இடது பக்கமாகத் தலை சாய்த்துப் பாடினாள். மூக்கு மருதியின் மூக்கு. நெற்றி அவர்கள் அம்மாவின் நெற்றி. ஐம்பத்திரண்டு வருடத்தில் தேய்ந்து தேய்ந்து ஒரு ரிப்பனாக மட்டும் மிஞ்சியிருந்த முகம் முழுசாக எதிரே நின்றது.

மருதியின் கை தானாக நீண்டது. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இது நடக்கலீங்க மேடம்."

"எதும்மா?"

"விழா அன்னிக்கு அவ வரிசையில இல்லீங்க."

"அப்போ எங்க இருந்தாங்க?"

மருதி மேஜைமேல் இருந்த கண்ணாடியைத் தள்ளி வைத்தாள். பெற்றோரிடம்கூடச் சொல்லாததை, செத்துப்போன புருஷனிடம் சொல்லாததை, கையைப் பிடித்துக்கொண்டார் என்பதற்காக ஒரு பேராசிரியையிடம் எப்படிச் சொல்வது?

சாருமதி அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா எங்க முறைப்படி ஆவணம் முதல் தரச் சான்று. இயந்திரத்தோட கணிப்பு ரெண்டாம் தரம். நினைவு மூணாம் தரம். நினைவு மாறும்னு ஆய்வுலயே சொல்லியிருக்காங்க."

"கணிப்பு மாறாதுங்களா?"

"மாறினா, எப்ப மாறிச்சுன்னு பதிவு இருக்கும்."

மறுநாள் மருதி பைசலிடம் வந்து, "அந்தக் காப்பாளர்கிட்ட நான் பேசோணும்" என்றாள்.

சுந்தரவதனம் செத்து முப்பது வருடம் ஆகியிருந்தது. ஆனால் தன் பத்தொன்பது நாட்குறிப்புகளின் புண்ணியத்தில், மற்ற எவரைவிடவும் முழுமையாக அந்தப் பள்ளிக்குள் வாழ்ந்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டியோடு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"அன்பரசிக்கு என்ன ஆச்சுங்க ஐயா?"

"அன்பரசி நல்ல பிள்ளை. இனிமையாகப் பாடுவாள். நீ பாடம் படித்தாயா தேன்மொழி?"

எப்படிக் கேட்டாலும் இதே பதில். மருதி கண்ணாடியைக் கழற்றினாள்.

"அவர் எழுதினது எல்லாமே மேலிடத்துக்குத்தாம்மா" என்றான் பைசல். "பிள்ளைங்களுக்குன்னு அவர் எதுவுமே எழுதினதில்ல. அதனால உங்ககிட்ட சொல்றதுக்கு அவர்கிட்ட ஒண்ணும் இல்ல."

மருதி கொஞ்ச நேரம் யோசித்தாள். சுகாதார நிலையத்துக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வரும்போது எதிர்முனையில் எப்படிப் பேசுவார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "என்னைச் செயலாளர்னு போடுப்பா" என்றாள். பைசல் ஒரு பெயரை மாற்றினான்.

"அறக்கட்டளைச் செயலாளர் பேசுகிறேன். நாற்பத்தெட்டாம் எண் மாணவி தொடர்பாக உடனே விளக்கம் தேவை."

சுந்தரவதனம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வந்தது.

"மதிப்பிற்குரிய ஐயா, விருந்தினர் வருகையை முன்னிட்டு ஜீப்பை வெளியே எடுக்கலாகாது எனத் தாங்கள் பணித்தபடியால், காய்ச்சல் கண்ட மேற்படி மாணவியை மருத்துவமனைக்கு அனுப்ப இயலவில்லை. விருந்தினர் கண்ணில் படாதிருக்கும் பொருட்டுச் சரக்கறையில் வைக்கப்பட்டாள். செவ்வாயன்று காலமானாள். ஓடிவிட்டதாகப் பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டது. விழா எவ்விதக் குறையுமின்றி நடந்தேறியது. இதில் அடியேன் தவறு ஏதுமில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

பைசல் கையில் இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"எங்கே புதைத்தீர்கள்?" என்றாள் மருதி, அதே குரலில்.

"கிணற்று மேட்டுக்குத் தெற்கே, ஐயா."

பைசல் துள்ளி எழுந்தான். மருதி அசையவில்லை. நோயாளியிடம் எதையும் ஒரு தடவை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்வது அவள் வழக்கமில்லை.

"எங்கே புதைத்தீர்கள்?"

"ஆற்றங்கரையில், ஐயா."

"எங்கே?"

"காட்டு எல்லையில், முறைப்படி, ஐயா." மூன்று தடவையும் துண்டு இடுப்பில்தான் இருந்தது. பணிவிலும் ஒரு குறைவு இல்லை.

கண்ணாடியைக் கழற்றியபோது அவள் முகம் ஈரமாக இருந்தது. "இது ஏம்பா மாத்தி மாத்திச் சொல்லுது?"

"தெரியாதுன்னு சொல்லத் தெரியாதும்மா அதுக்கு. இடம் காலியா இருந்தா நிரப்பிடும்."

"அப்ப மொதல்ல சொன்னது?"

"அதுவும் கணிப்புதான். ஜீப்பை எடுக்கக் கூடாதுன்னு நாட்குறிப்புல இருக்கு. சரக்கறையை ஒழிச்சு வைக்கச் சொன்னதும் இருக்கு. மீதியை அதுவா கோத்துக்கிச்சு. நெசமா பொய்யான்னு யாருக்கு தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றாள் மருதி.

அடுத்த வாரம் கூட்டுக்குழு கூடியது. அறக்கட்டளையின் சார்பாக மகுடபதி வந்திருந்தார். காப்பாளரின் வாக்குமூலத்தை அச்சடித்த தாளை இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"இயந்திரத்தோட கற்பனை இது. ஆதாரம் எங்கே? நாங்களும் இதுல பங்காளிங்கதான். செத்த மனுஷன் வாயில வார்த்தையைத் திணிக்கலாமா?"

அறுபத்தொரு பேர் வாயில் தினமும் வார்த்தையைத் திணித்துக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் அதைக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. சாருமதிக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும், "முறைப்படி அதை நீக்கித்தான் ஆகணும்" என்றார்.

அப்போது மருதி எழுந்து நின்று பேச ஆரம்பித்தாள். குன்ன மொழியில். நிறுத்தாமல் நாலு நிமிடம் பேசினாள். பெட்டன் பாதியிலேயே தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் பேசுவதையெல்லாம் எழுதுகிற திரையில் 'பேச்சு இல்லை' என்று வந்தது. அவள் பேசப் பேச அது மறுபடி மறுபடி வந்தது.

சாருமதி எழுந்து போய் அவள் தோளில் கை வைத்தார். "அம்மா, கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க. பதிவாகலை."

மருதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதையேதானுங்க மேடம் அவரும் சொன்னாரு. வீரிக்கு மூச்சு வாங்குது, நெஞ்சுக்குள்ள தண்ணி கொதிக்கிற மாதிரி சத்தம் கேக்குதுன்னு நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கு எங்க பேச்சு நல்லா வெளங்கும். இருவது வருசம் மலையில இருந்தவரு. 'தமிழில் சொல்'னாரு. எனக்கு அப்பத் தெரிஞ்ச தமிழு மயிலு, மலரு, மாலை. மூச்சு வாங்குதுங்கறதுக்குப் பொஸ்தகத்துல வார்த்தை இல்லீங்க. சொல்லத் தெரியாம நின்னேன். வெயில்ல நிறுத்திப்போட்டாரு."

மருதி தொடர்ந்தாள்.

"ரெண்டு நாளு சரக்கறைச் சொவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேட்டுட்டு இருந்தேன். அப்பறம் சத்தம் நின்னுபோச்சு. விழா அன்னிக்கு முன்வரிசையில நின்னு வரவேற்புப் பாட்டு பாடினது நானுங்க. ஒரு எழுத்துகூடப் பெசகல. வந்தவங்க கைதட்டினாங்க. எங்கப்பன் ஒரு வருசம் காட்டுல அவளைத் தேடிட்டுத் திரிஞ்சாரு. நான் சொல்லலை. பாடினவ எப்படிச் சொல்றது?"

பெட்டன் மேஜைக்குக் கீழே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மகுடபதி தொண்டையைச் செருமினார். "வருத்தமான விஷயந்தான். ஆனா இது மூணாம் தரச் சான்று."

"ஆமாங்க. அதனால இதை நம்பச் சொல்லலை" என்றாள் மருதி. "காப்பாளர் சொன்னதும் கணிப்பு, எந்தங்கச்சி பாடறதும் கணிப்பு. ரெண்டும் ஒரே தரம். அது கற்பனைன்னா இதுவும் கற்பனை. எடுக்கறதுன்னா ரெண்டையும் எடுங்க. வைக்கறதுன்னா ரெண்டையும் வைங்க."

மகுடபதி கையில் இருந்த தாளைப் பார்த்தார். அவருடைய அறக்கட்டளையின் விழாவும், அவருடைய அறக்கட்டளையின் ஜீப்பும் ஒரே தராசில் ஏறிவிட்டன.

"ரெண்டையும் எடுத்துடுங்க" என்றார் கடைசியில். "ஆனா பன்னிரண்டு நாள் காலியா இருந்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"என்னமோ நடந்திருக்குன்னு நெனப்பாங்க" என்றார் பெட்டன்.

அப்படித்தான் முடிவாயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் வருகை எடுக்கும்போது 'அன்பரசி' என்று கூப்பிடுவார்கள். பதில் வராது. நாலு விநாடி கழித்து அடுத்த பெயர். எத்தனை விநாடி என்று பைசல் கேட்டபோது மருதிதான் நாலு என்றாள். அதற்கு மேல் போனால் தன்னால் தாங்க முடியாது என்பதைச் சொல்லவில்லை. 'ஓடிவிட்டாள்' மட்டும் அப்படியே இருந்தது. முதல் தர ஆவணத்தில் யாரும் கை வைக்க முடியாதாம். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், மருதி சொன்னதையும் சேர்த்தார்கள். பெட்டன் வழக்கம்போலத் தினமும் போய் சபாஷ் வாங்கிக்கொண்டு வந்தார்.

திறப்பு விழா முடிந்து பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து, பள்ளி விழாவை ஒட்டிய அந்த நாட்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கருத்துப் பெட்டியில் பாராட்டுகளுக்கு நடுவே ஒரு புகார் மட்டும் விடாமல் வந்தது: 'நாற்பத்தெட்டாம் எண்ணில் ஒலி வேலை செய்யவில்லை. சரிசெய்யவும்.'

இயந்திரமும் அதையேதான் நினைத்தது. மாதம் ஒரு முறை தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்போது அந்த நாலு விநாடியைப் பழுது என்று கண்டுபிடித்து, 'நிரப்பவா?' என்று கேட்கும். யாராவது 'வேண்டாம்' என்று அழுத்த வேண்டும். பதில் வராவிட்டால் அதுவே நிரப்பிவிடும். அந்த வேலையை மருதிக்குக் கொடுத்தார்கள். 'தரவுத் தரக் கண்காணிப்பாளர்' என்று கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் கொடுத்தார்கள், மான் படத்தோடு.

ஏழு மாதம் தவறாமல் அழுத்தினாள். எட்டாம் மாதம் கண்புரை அறுவை சிகிச்சைக்காக மலையிறங்கியவள் திரும்பி வரப் பத்து நாள் பிந்திவிட்டது.

வந்ததும் நேரே மையத்துக்குப் போய்க் கண்ணாடியை மாட்டினாள். புதுக் கண்ணுக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. பெயர்கள் வரிசையாக வந்தன. நாற்பத்தாறு, நாற்பத்தேழு.

"அன்பரசி."

"உள்ளேன் ஐயா."

கேசட்டில் இருந்த பாட்டுக் குரல் இல்லை இது. கொஞ்சம் கரகரத்து, 'யா'வை இழுத்து, சண்டை போட்டுவிட்டுச் சமாதானத்துக்கு வருகிற வீரியேதான். மருதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியில் மறுபடி போடச் சொன்னாள். பைசல் போட்டான்.

"இந்தக் கொரலு எங்கப்பா கெடச்சுது? கேசட்டுல அவ தனியாப் பேசினதே இல்லியே."

பைசல் ஒலியை நிறுத்தினான்.

"நீங்க இல்லாதப்ப அதுவா நிரப்பிடுச்சும்மா. அக்கா தங்கச்சி குரல் ஒத்துப்போகும்னு உங்க குரலை எடுத்து வயசைக் குறைச்சிருக்கு."

"என்னோடதா? நான் எப்பக் குடுத்தேன்?"

"அன்னிக்குக் கூட்டத்துல உங்க மொழியில பேசினீங்கல்ல, அந்த நாலு நிமிஷம். ஒரு வார்த்தைகூட அதுக்குப் புரியல. ஆனா குரல் ரொம்பச் சுத்தமா இருந்துச்சாம்."

தங்கை செத்துப்போனதைச் சொன்ன குரலில்தான் தங்கை 'உள்ளேன்' என்றாள். மருதி நாற்காலியில் சாய்ந்தாள். கோபம் வரும் என்று பைசல் எதிர்பார்த்தான். அவள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"இன்னொரு தடவை போடு."

"உள்ளேன் ஐயா."

"இன்னும் ஒரே ஒரு தடவை."

பைசல் போட்டுவிட்டு வெளியே போனான். போகும்போது கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் திரும்பி வந்தபோது திரையில் 'நீக்கப்பட்டது' என்று இருந்தது. மருதி அட்டையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனாள். கீழ்நாட்டுப் பள்ளி ஒன்றிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வரிசையில் நிறுத்திக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். மணி அடித்தது. பெயர்கள் ஆரம்பித்தன. நாற்பத்தெட்டு வந்தது. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவர்களுடைய ஆசிரியர் மட்டும் தன் கண்ணாடியைக் கையால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்.